சுற்றுச்சூழல் பாடத்தில் விடுபட்ட கேள்வி

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுற்றுச்சூழல் கல்வி பற்றிப் பதினைந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். மரம் நடுதல், நெகிழிப் பை தவிர்த்தல், மழைநீர் சேகரிப்பு பற்றியெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் பேசுவீர்கள். எனவே நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

நான் எண்ணூர்ப் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து, கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் பரவியது. ஆற்றோரக் குப்பங்களில் வீட்டுச் சுவர், படகு, வலை எல்லாவற்றிலும் கறுப்புப் பிசின் ஒட்டிக்கொண்டது.

மழை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தோம். அரையாண்டுத் தேர்வு நேரம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தாமதமாக வந்தாள். பாவாடை ஓரமெல்லாம் கறை, வகுப்பு முழுக்க எண்ணெய் வாடை. பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு எரிச்சல். "துவைச்ச துணி போட்டுக்கிட்டு வரத் தெரியாதா? போய்க் கை காலைக் கழுவிட்டு வா" என்று சொல்லி வெளியே அனுப்பினேன். போனவள் அன்று திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா ஆற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவர். கழுத்தளவு தண்ணீரில் குனிந்து சேற்றைத் தடவி, கிடைக்கும் இறாலைப் பல்லில் கடித்துப் பிடித்திருக்கும் பறியில் போடுவார்கள். படகும் இல்லை, வலையும் இல்லை. இரண்டு கைகள்தான் முதல். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "சோப்பு போட்டுப் பார்த்தேன் டீச்சர், போவல. மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சுதான் அனுப்பிச்சேன். அந்த வாடைதான் டீச்சர் அது" என்றார். மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான்.

அந்தக் கறை அந்தக் குடும்பம் உண்டாக்கியது இல்லை. ஆனால் அதற்காக வெளியே நின்றது அந்தக் குழந்தை. நிற்க வைத்தது, சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியையாகிய நான். சுற்றுச்சூழல் நீதி என்ற சொல்லுக்கு எனக்குப் பொருள் புரிந்தது அன்றுதான்.

அந்தச் சொல் எப்படி வந்தது என்று பிறகு படித்துப் பார்த்தேன். 1982இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வாரன் என்ற மாவட்டத்தில், நச்சு வேதிப்பொருள் கலந்த மண்ணைக் கொண்டுபோய்ப் புதைக்க அரசு இடம் தேர்ந்தெடுத்தது. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், ஏழைகள். லாரிகளை மறித்துச் சாலையில் படுத்தார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் கைதானார்கள். அந்த மண் அங்கேயே புதைக்கப்பட்டது. ஆனாலும் 'ஏன் எங்கள் ஊர்?' என்று அவர்கள் கேட்ட கேள்வி நின்றுவிட்டது. 1987இல் ஒரு திருச்சபை அமைப்பு நாடு முழுவதும் ஆய்வு செய்து, நச்சுக் கழிவுக் கிடங்குகள் எங்கே இருக்கின்றன என்பதற்கும் அங்கே வாழ்வோரின் இனத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது.

இது நமக்குப் புதிய செய்தியா? நம் ஊர்களையே நினைத்துப் பாருங்கள். ஊர்ச் சாக்கடை எந்தப் பக்கம் வடிகிறது, குப்பை எங்கே கொட்டப்படுகிறது, அந்தப் பக்கம் யார் வீடு இருக்கிறது? சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைப் பாடமாக நடத்தியதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பகுதியையே எடுத்துக்கொள்கிறேன். 1970 முதல் இங்கே அனல் மின் நிலையங்கள் இயங்கி வந்திருக்கின்றன. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். நூறு கிலோ எரித்தால் ஏறக்குறைய முப்பது முதல் நாற்பது கிலோ சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கலந்து குழம்பாக்கி, குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். குழாயில் கசிவு வந்தால் குழம்பு ஆற்றில் இறங்கும். படிந்து படிந்து ஆறு ஆழம் குறையும். இறாலும் நண்டும் வாழும் சேறு சாம்பலால் மூடிப்போகும். மின்சாரம் மாநிலம் முழுவதற்கும் போகிறது. நான் பேசும் இந்த ஒலிபெருக்கிக்கும் அதில் பங்கு உண்டு. சாம்பல் மட்டும் ஆற்றங்கரையில் நின்றுவிடுகிறது.

மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் மாணவர்களின் அண்ணன்மார், அப்பாக்கள் பலர் அந்தத் தொழிற்சாலைகளில்தான் ஒப்பந்தக் கூலிகளாக வேலை பார்க்கிறார்கள். நன்மை எல்லோருக்கும் என்றால் சுமையும் எல்லோருக்கும் என்றுதானே இருக்க வேண்டும்? பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி இது. நம் பாடத்தில் விடுபட்ட கேள்வியும் இதுதான்.

எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு அரசு நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய் என்ற செய்தி வந்தபோது, கணித ஆசிரியர் அதை வகுப்பில் கணக்காகக் கொடுத்தார். ஒரு நாள் வருமானம் 300 ரூபாய் என்றால் இந்தப் பணம் எத்தனை நாளுக்கு வரும்? ஒரு பையன் வகுத்துவிட்டு, "41 நாள் சார், மீதி 200 ரூபாய்" என்றான். விடை சரி. உட்காரப் போனவன் திரும்பி, "ஆறு சரியாவ எத்தினி நாள் சார் ஆவும்?" என்று கேட்டான். அதற்கு விடை எங்களிடம் இல்லை. ஆனால் கடைசி இருக்கைப் பிள்ளைகளும் தலை நிமிர்ந்து கவனித்த கணக்கு வகுப்பு அதுதான் என்று அந்த ஆசிரியர் இன்றும் சொல்வார்.

இங்கே ஒரு தயக்கம் வரும். நாம் அரசு ஊழியர்கள், நமக்கு நடத்தை விதிகள் உண்டு, வம்பு எதற்கு? எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. போராட்டம் நடத்த நான் சொல்லவில்லை. பாடம் நடத்தத்தான் சொல்கிறேன். இயற்கைச் சூழலைக் காப்பது குடிமக்களின் கடமை என்று அரசமைப்பின் 51ஏ(ஜி) பிரிவு சொல்கிறது. 21ஆம் பிரிவின் வாழ்வுரிமையில் மாசற்ற நீரும் காற்றும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது. சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்று எம்.சி. மேத்தா வழக்கில் வழிகாட்டியதும் அதே ஆண்டில்தான். 1996இல் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைக் கழிவு தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பு வந்தது. அந்த வழக்கு நம் பாலாற்றங்கரையிலிருந்து போனது. இதைச் சொல்லிக்கொடுக்க நாம் யாருக்கு அஞ்ச வேண்டும்?

எங்கள் பள்ளியில் நாங்கள் செய்யத் தொடங்கிய நான்கு வேலைகளைச் சொல்கிறேன். பெரிய செலவு எதுவும் இல்லை.

முதலாவது, வருகைப் பதிவேடு. முன்பு வராதவர்களுக்கு 'ஆ' போடுவதோடு சரி. இப்போது ஏன் வரவில்லை என்று தனி நோட்டில் ஒரு வரி எழுதுகிறோம். இருமல், தோல் அரிப்பு, அம்மாவோடு வேலை என்று. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் அந்த நோட்டைக் காட்டுகிறோம். ஒழுங்காக வராத பிள்ளை என்று நாம் முத்திரை குத்தியவர்களில் சிலர் உண்மையில் நோயாளிப் பிள்ளைகள்.

இரண்டாவது, பாட்டி தாத்தாக்களின் பாடம். ஆற்றில் முன்பு என்னென்ன மீன் கிடைத்தது, எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று பிள்ளைகள் வீட்டில் கேட்டு எழுதி வருகிறார்கள். ஒரு பெரியவர் பள்ளிக்கே வந்து தரையில் சுண்ணக்கட்டியால் ஆற்றை வரைந்து காட்டினார். கையெழுத்துப் போடத் தெரியாதவர். அன்று ஆசிரியர் அவர்தான்.

மூன்றாவது, விண்ணப்பம் எழுதும் பயிற்சி. பத்தாம் வகுப்புத் தேர்வுக்காக அதைச் சொல்லிக்கொடுக்கிறோம். அதையே உண்மையான செய்தியை வைத்து எழுதச் சொல்கிறோம். பெரிய தொழில் திட்டங்கள் வரும்போது மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், திட்டச் சுருக்கம் வட்டார மொழியிலும் தர வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேள்வி கேட்கலாம். ஆனால் இவை எல்லாமே வாசிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் பயன்படும். நாம் அ, ஆ சொல்லிக்கொடுப்பதும் இந்த நீதியில் ஒரு பகுதி.

நான்காவது எளிது, ஆனால் எனக்குக் கடினமாக இருந்தது. பிள்ளையின் உடையிலோ உடலிலோ அழுக்கைப் பார்த்தால், திட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பது: "எங்கேயிருந்து வந்துச்சும்மா இது?"

உங்கள் பள்ளி எண்ணூரில் இல்லாமல் இருக்கலாம். திருப்பூர்ப் பக்கம் என்றால் நொய்யல் இருக்கிறது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் இடமாகிப்போன கதையை அங்குள்ள பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா? கொடுங்கையூர் என்றால் குப்பை மேடு. சிற்றூர் என்றால் கல்குவாரித் தூசியாகவோ கிணற்றில் இறங்கும் கழிவாகவோ இருக்கலாம். எந்த ஊரிலும் அதை முதலில் சுமப்பவர் வீட்டுப் பிள்ளை நம் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறது.

அந்த மாணவியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அன்று அவள் வீட்டுவாசலிலேயே அவளிடம், "டீச்சர் பண்ணது தப்பும்மா" என்று சொன்னேன். பதில் பேசாமல் தலை குனிந்து நின்றாள். மறுநாள் பள்ளிக்கு வந்துவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு விண்ணப்பப் பயிற்சியில், ஆற்றோரம் கசியும் குழாயைச் சரிசெய்யக் கோரி எழுதினாள். எழுத்துப்பிழை மூன்று இருந்தது. திருத்தி, அவள் அம்மா கைநாட்டு வைத்து, அஞ்சலில் அனுப்பினார்கள். பதில் இன்னும் வரவில்லை. "மறுபடி எழுதட்டுமா டீச்சர்?" என்று போன வாரம் கேட்டாள். எழுதச் சொல்லியிருக்கிறேன்.