ஐ.டி. வேலைக்கு அப்ரண்டிஸ்: குலக்கல்விக்கு மாற்றா, மறுபதிப்பா?

(கொடைக்கானலில் கல்லூரி மாணவர்களும் வேலை தேடும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘தகவல் தொழில்நுட்பத் துறையில் தொழிற்பழகுநர் பயிற்சி’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். நாம் அப்ரண்டிஸ் என்று சொல்வதுதான் அது. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் ரயில்வேயிலும் போக்குவரத்துக் கழகத்திலும் ஒரு வருடம் வேலை பழகப் போவார்களே, அதேதான். சாஃப்ட்வேர் வேலைக்கும் இதே முறையில் ஆள் எடுக்கலாம் என்று இப்போது அரசும் பேசுகிறது, கம்பெனிகளும் பேசுகின்றன. ஐ.டி. நிறுவனங்கள் ஆள் எடுக்கும் முறைதான் என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். அந்த உரிமையில் சில விஷயங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

‘படிக்கும்போதே தொழில் கற்றுக்கொள்’ என்று யாராவது சொன்னால் தமிழ்நாட்டில் நமக்கு உடனே சந்தேகம் வரும். வரத்தான் வேண்டும். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழில் என்றது. அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து பெரியார் போராடினார். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 கைத்தொழில்கள், குரு சிஷ்ய மரபு, குடும்பத் தொழில் என்ற அதே பேச்சு. தமிழ்நாடு அரசு 2024-இல் அதை இந்த வடிவில் ஏற்க மறுத்தது. சாதி, குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாமல் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025-இல் தொடங்கியது.

ஆக, நம்முடைய எதிர்ப்பு எதன்மீது? கைவேலை மீதா? இல்லை. என் ஊர் கீழ்மலையில் இருக்கிறது. அப்பா காபித் தோட்டத்தில் கவாத்து எடுத்தவர். எந்தக் கிளையை வெட்டுவது, எதை விடுவது என்று அவருக்கு யாரும் வகுப்பு நடத்தவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தார், செய்தார், பழகிக்கொண்டார். செய்து கற்பதில் நம் மக்களுக்கு இணையானவர்கள் குறைவு. ஆனால் தோட்டத்தின் கணக்குப் புத்தகத்தை எழுத அவருக்கு யாரும் பழக்கிவிடவில்லை. கவாத்துக் கத்தி ஒருவர் கைக்கு, கணக்குப் புத்தகம் இன்னொருவர் கைக்கு என்று பிறப்பே முடிவு செய்துவைத்ததே, அதைத்தான் எதிர்க்கிறோம். அந்தக் கணக்குப் புத்தகத்தின் இன்றைய வடிவம்தான் கம்ப்யூட்டர்.

‘ஐ.டி.யில் சாதி ஏது? திறமை இருந்தால் வேலை’ என்று கேட்பவர்கள் உண்டு. 2007-இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் ஒரு சோதனை செய்து முடிவை வெளியிட்டார்கள். செய்தித்தாளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வேறு வேறு பெயர்களில் அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்று பங்கு என்றால் தலித் பெயருக்கு ஏறக்குறைய இரண்டு பங்குதான். அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் காதரின் நியூமனும் மனிதவள அதிகாரிகளைச் சந்தித்துப் பேசினார்கள். எல்லோரும் திறமை, திறமை என்றார்கள். நேர்காணலில் என்ன கேட்பீர்கள் என்றால், ‘குடும்பப் பின்னணி’ என்றார்கள். அப்பா என்ன செய்கிறார், எந்த ஊர், எப்படிப்பட்ட குடும்பம். கவாத்து எடுப்பவர் பிள்ளை அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

என் ஆய்வில் நான் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஐ.டி. துறையில் அப்ரண்டிஸ் முறை ஏற்கெனவே இருக்கிறது. அது சிலருடைய குடும்பத்துக்குள் இருக்கிறது. கல்லூரி விடுமுறையில் சென்னையில் சித்தப்பா வீட்டில் தங்கி மூன்று மாதம் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப். பயோடேட்டாவைத் திருத்திக் கொடுக்க ஒரு மாமா. ‘என் தங்கை பையன், கொஞ்சம் பாருங்கள்’ என்று உள்ளிருந்து ஒரு ரெஃபரல். மீட்டிங்கில் எப்படிப் பேச வேண்டும், தெரியாததை எப்படிக் கேட்க வேண்டும் என்று சாப்பாட்டு மேசையிலேயே கிடைக்கும் பாடம். இருபத்தொரு வயதில் அந்தப் பிள்ளை நேர்காணலுக்குப் போகும்போது பாதி வேலை பழகியிருக்கும். அதைத் திறமை என்று எழுதிக்கொள்கிறார்கள். பூம்பாறையிலிருந்தும் பண்ணைக்காட்டிலிருந்தும் குண்டுபட்டியிலிருந்தும் போகும் பிள்ளைக்குச் சென்னையில் எந்தச் சித்தப்பா இருக்கிறார்?

அவர்களுக்கு உறவு கொடுக்கும் பயிற்சியை நமக்குச் சட்டம் கொடுக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

இது புதிய யோசனையும் இல்லை. 1942-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த பாபாசாகேப் அம்பேத்கர், பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கி ஒரு மனு அளித்தார். அதில் கல்வி உதவித்தொகையோடு நிற்கவில்லை. தொழில்நுட்பப் பயிற்சி கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளை அப்ரண்டிஸாக எடுக்கலாம் என்று இடத்தையும் சுட்டிக்காட்டினார். அன்றைக்கு நவீனத் தொழில் என்றால் அச்சகமும் ரயிலும். தோல் பதனிடவோ செருப்புத் தைக்கவோ அவர் பயிற்சி கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். குலத்தொழிலிலிருந்து வெளியேற்றும் பயிற்சியைக் கேட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது? தொழிற்பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. 1973 திருத்தம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களில் ஒதுக்கீடு கொடுத்தது. 2007-இல் பிற்படுத்தப்பட்டோரும் சேர்க்கப்பட்டார்கள். இதை நன்றாக மனதில் வையுங்கள்: தனியார் நிறுவனத்துக்கும் பொருந்தும் ஒதுக்கீடு இது. தனியார் துறையில் இடஒதுக்கீடே கிடையாது என்று நினைக்கும் நம்மில் பலருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. 2019 விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ் எடுக்கக் கடமைப்பட்டவை. ஐ.டி. நிறுவனங்களுக்கு விலக்கு இல்லை. ஐ.டி.ஐ.யில் ‘கோபா’ என்று சொல்லும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பிரிவு இந்தச் சட்டத்தின்கீழ் வரும் தொழில்தான்.

இனி ஓட்டைகளைப் பார்ப்போம். 2014 திருத்தம் நிறுவனங்களே பாடத்திட்டம் வகுத்துக்கொள்ளும் ‘விருப்பத் தொழில்’ என்ற வகையைக் கொண்டுவந்தது. அரசு அறிவித்த பழைய தொழில்களை மனதில் வைத்து எழுதிய ஒதுக்கீடு இந்தப் புதிய வகையிலும் தெளிவாக எழுதப்பட்டு, கண்காணிக்கப்பட வேண்டும். அடுத்து, சட்டத்தின் 18-ஆவது பிரிவு: அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொதுவாகப் பொருந்தாது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் ‘தொழிலாளி’ என்ற வரையறையிலிருந்து அப்ரண்டிஸை விலக்கி வைக்கிறது. பயிற்சி முடிந்தபின் வேலை கொடுக்க வேண்டும் என்ற பொதுக் கட்டாயமும் இல்லை. 2019 விதி பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாய் குறைந்தபட்சம் என்று வைத்தது. அதில் சென்னையில் அறை வாடகை கொடுத்து, சாப்பிட்டு, ஊருக்கு வந்துபோக முடியுமா? வீட்டிலிருந்து பணம் வருபவர்களால் மட்டுமே அந்த ஒரு வருடத்தைத் தாக்குப்பிடிக்க முடியும். அப்புறம் அது யாருக்கான திட்டம்?

நடைமுறையில் உள்ள முயற்சிகளையும் பார்க்க வேண்டும். ஜோஹோ நிறுவனம் 2005 வாக்கிலிருந்து பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைத் தன் பள்ளியில் சேர்த்துக் கட்டணமில்லாமல் பயிற்சி கொடுக்கிறது, மாதம் உதவித்தொகையும் கொடுக்கிறது. தென்காசி வரை வந்திருக்கிறது. பட்டம் இல்லாமலும் நல்ல புரோகிராமர் ஆகலாம் என்று அது நிரூபித்துவிட்டது. எச்.சி.எல். 2017-இல் டெக்பீ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பயிற்சி, பிறகு வேலை, வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்பு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் அதில் சேர்ந்தால் பயிற்சிச் செலவைத் தாட்கோ ஏற்கிறது. இதை நான் வரவேற்கிறேன். இங்கே பிளஸ் டூ முடித்த தம்பி தங்கைகள் தாட்கோ அலுவலகத்தில் கட்டாயம் விசாரியுங்கள்.

ஆனால் கேள்விகளும் இருக்கின்றன. கணிதம் படித்திருக்க வேண்டும், இவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்ற நிபந்தனை வாசலிலேயே பலரை நிறுத்திவிடும். மேல்மலையில் எத்தனை பள்ளிகளில் பிளஸ் டூ கணிதப் பிரிவு இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். தாட்கோ உதவிக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பளியர் குடியிருப்பிலிருந்து வரும் மாணவர் அந்த ஒரு தாளுக்காக எத்தனை முறை மலையேறி இறங்க வேண்டியிருக்கிறது! புலையர் சமூகம் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எத்தனை ஆண்டுகளாகக் கேட்கிறது!

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. வசதியுள்ள பிள்ளை நான்கு வருடம் பொறியியல் படித்துவிட்டு டிசைன் செய்யப் போவார், நம் பிள்ளை பதினெட்டு வயதில் போய் டெஸ்டிங்கும் டேட்டா என்ட்ரியும் சப்போர்ட்டும் பார்ப்பார், பத்து வருடம் கழித்தும் அங்கேயே இருப்பார் என்றால், அது கம்ப்யூட்டர் வைத்த குலக்கல்வி. அப்ரண்டிஸ் திட்டம் பட்டப்படிப்புக்கு மாற்றாகக் கூடாது, பட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது அதனால்தான்.

வேறு மாதிரி நடத்த முடியுமா? முடியும். ஜெர்மனியில் 1997 முதல் ஐ.டி. வல்லுநர் என்பது அப்ரண்டிஸாகக் கற்கும் ஒரு தொழில். மூன்று வருடம், பெரும்பகுதி நிறுவனத்தில், மீதி தொழிற்பள்ளியில். அங்கே பயிற்சியாளருக்கு ஒப்பந்தம் உண்டு, சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் உண்டு, தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. தேர்வுக் குழுவில் தொழிலாளர் தரப்பும் உட்காரும். அங்கே எல்லாம் சரி என்று சொல்லவில்லை, புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்கு அங்கும் கதவு எளிதில் திறப்பதில்லை. ஆனால் கற்றுக்கொள்பவரும் உரிமையுள்ள மனிதர் என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது.

உரிமை இல்லாத நவீன வேலை எப்படி இருக்கும் என்று இந்த மலைக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1980-களில் இங்கே தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. தோட்ட வேலைக்கு மாற்றாக நவீன வேலை என்று நம் அண்ணன்மார் போனார்கள். பாதரசம் என்ன செய்யும் என்பது அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. 2001-இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்காக இந்துஸ்தான் யூனிலீவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட 2016 ஆக வேண்டியிருந்தது. சங்கமாக நின்றதால்தான் அதுவும் கிடைத்தது. ஐ.டி. வேலையில் பாதரசம் இல்லை, வாஸ்தவம். இரவு ஷிஃப்ட் இருக்கிறது, கணக்கில் வராத கூடுதல் நேரம் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டால் விலக முடியாத பாண்டு இருக்கிறது. அப்ரண்டிஸுக்கும் சங்கம் வேண்டும்.

‘ஏ.ஐ. வந்துவிட்டது, இனி புதிதாக யாரை எடுக்கப் போகிறார்கள்?’ என்று கேட்கிறீர்கள். நியாயமான பயம். ஆனால் கதவு குறுகும்போது முதலில் தள்ளப்படுபவர் யார்? உள்ளே ஆள் இல்லாதவர்தான். ரெஃபரலின் மதிப்பு அப்போது கூடுமே தவிரக் குறையாது. சட்டப்படி நமக்கு வர வேண்டிய இடத்தை இப்போதே கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லோரும் சென்னைக்குத்தான் போக வேண்டுமா? இந்த மலையிலேயே பாருங்கள். 1899 முதல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. நூறாண்டுக்கு மேலாக எடுத்த சூரியப் படங்களை டிஜிட்டலாக்கி உலகத்துக்கே திறந்துவைத்திருக்கிறது. 1984 முதல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. நகராட்சி இருக்கிறது, வனத்துறை இருக்கிறது, வங்கிகள் இருக்கின்றன. 2024 மே முதல் இந்த மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ். அதற்குப் பின்னால் ஒரு மென்பொருள் ஓடுகிறது, யாரோ அதைப் பராமரிக்கிறார்கள். சோதனைச் சாவடியில் வெயிலிலும் மழையிலும் நின்று ஸ்கேன் செய்யும் வேலை நமக்கு, அந்த மென்பொருளை எழுதும் வேலை வேறு யாருக்கோ என்று ஏன் இருக்க வேண்டும்? தரவுத்தளம் பராமரிப்பது, நெட்வொர்க் பார்ப்பது, இணையதளம் எழுதுவது என்று இந்த மலையிலுள்ள அரசு நிறுவனங்களிலேயே பயிற்சி இடங்களை உருவாக்க முடியும். வீட்டை விட்டு வெகுதூரம் அனுப்பத் தயங்கும் பெண்பிள்ளைகளுக்கு இது முதல் படியாகவும் இருக்கும்.

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை.

ஒன்று: ஐ.டி. அப்ரண்டிஸ் இடங்கள் எல்லா வகையிலும் இடஒதுக்கீடு. ஒவ்வொரு நிறுவனமும் எந்தப் பிரிவினரை எத்தனை பேர் எடுத்தது, எத்தனை பேருக்கு வேலை கொடுத்தது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இரண்டு: வாழப் போதுமான உதவித்தொகை. வெளியூர் போகும் மாணவருக்கு ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதிகளில் பயிற்சிக் காலம் முழுவதும் இடம்.

மூன்று: பயிற்சி பட்டப்படிப்போடு இணைய வேண்டும். இடையில் வேறு நிறுவனத்துக்குப் போனாலும் படித்த பாடம் கணக்கில் வர வேண்டும். பாண்டு கூடாது.

நான்கு: அப்ரண்டிஸுக்குத் தொழிலாளர் உரிமை. சங்கத்தில் சேரும் உரிமையும், சாதிப் பாகுபாடு நடந்தால் முறையிட ஓர் அமைப்பும். 2020-இல் கலிபோர்னியாவில் சிஸ்கோ நிறுவனத்தின்மீது சாதிப் பாகுபாட்டு வழக்கு வந்த பிறகும், இங்கே அதைக் கேட்க ஓர் இடம் இல்லை என்பது வெட்கக்கேடு.

உங்களுக்கு உடனடியாக ஒரு வேலை. திண்டுக்கல் மாவட்டத்தில் எந்தெந்த நிறுவனங்கள் அப்ரண்டிஸ் எடுக்கின்றன, ஒதுக்கீட்டின்படி எத்தனை இடம் நிரம்பியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். மனு எழுதத் தெரியாதென்றால் கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம், பேனாவும் தாளும் கொண்டுவந்திருக்கிறேன். பதில் வந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரைப் பார்ப்போம்.