ரயில்வே கேட் கதையைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்



இன்று ஜூலை 15, கல்வி வளர்ச்சி நாள். காலையிலிருந்து தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் மேடைகளில் அந்தக் கதை சொல்லப்பட்டிருக்குமோ! முதலமைச்சர் காமராசரின் கார் ரயில்வே கேட்டில் நிற்கிறது. பக்கத்தில் மாடு மேய்க்கிற பையன். பள்ளிக்கூடம் போகலையா என்று கேட்கிறார். போனால் யார் சோறு போடுவார்கள் என்று அவன் திருப்பிக் கேட்கிறான். காமராசர் கலங்கிப்போகிறார். மதிய உணவு பிறக்கிறது. நல்ல கதைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் இன்று ஒரு மாலை மட்டும் அதைத் தள்ளி வைக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏன் கேட்கிறேன்? அந்தக் கதையில் கார் இருக்கிறது, கேட் இருக்கிறது, மாடுகூட இருக்கிறது. கோப்பு இல்லை. நிதித்துறை இல்லை. அரிசி யார் வீட்டிலிருந்து வந்தது, அடுப்பை யார் மூட்டினார்கள் என்ற பேச்சே இல்லை. கேட் திறந்து கார் போய்விட்டது. அதற்கும் பிள்ளையின் தட்டில் சோறு விழுந்ததற்கும் நடுவில் ஒரு நீண்ட வேலை நடந்தது. தலைமை என்று நான் சொல்லுவது அந்த வேலையை. மனம் இளகுவது எல்லோருக்கும் வரும், பெரியவர்களே. நம் ஊரில் அதற்குப் பஞ்சமே கிடையாது.

பிள்ளைகளுக்குப் பள்ளியில் சோறு போடலாம் என்ற எண்ணம் காமராசருக்கு முன்னாலேயே இந்த மண்ணில் தோன்றியதுதான். 1920இல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. பிறகு இன்னும் சில பள்ளிகளுக்கும் அது போயிற்று. ஆனால், தொடக்கக் கல்விக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குச் செலவிடக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு மறுத்தது. 1925இல் உணவு நின்றுபோனது. எண்ணம் இருந்தது, பிள்ளைகளும் வந்தார்கள், செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதில் போய் முட்டிக்கொண்டது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1954க்கு வாருங்கள். அப்போதைய முதல்வர் ராஜாஜி கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தில் பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைந்தது. மீதி நேரத்தில் பிள்ளை அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார்கள். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. ராஜாஜி விலகினார். காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குப் போட்டி வந்தது. காமராசரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். அவரை ஆதரித்தவர் பக்தவத்சலம். இருவரும் தோற்றார்கள்.

வென்றவர் என்ன செய்தார்? இன்றைய அரசியலைப் பார்த்துப் பழகிய உங்களுக்குச் சிரிப்பு வரும். தோற்ற இருவரையும் தன் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். அமைச்சரவையில் முதல்வரோடு சேர்த்து மொத்தமே எட்டுப் பேர். அந்த எட்டில் இவர்கள் இரண்டு பேர். அது மட்டுமா? சுப்பிரமணியத்தின் கையில் நிதியும் இருந்தது, கல்வியும் இருந்தது. நினைத்துப் பாருங்கள், பள்ளிக்கூடத்துக்குப் பணம் வேண்டும் என்று கேட்கிறவரும் பணம் கிடையாது என்று சொல்லவேண்டியவரும் ஒரே ஆள்! குலக்கல்வித் திட்டத்தைத் திரும்பப் பெற்றவரும் அவர்தான். என்னைக் கேட்டால், ரயில்வே கேட்டைவிட முக்கியமான இடம் இது.

அடுத்து, நெ. து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரம் பக்கம் நெய்யாடுபாக்கத்துக்காரர். 1954இல் பொதுக் கல்வி இயக்குநர் ஆனார். முதல்வரிடம் 'முடியாது' என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிற அதிகாரிகள் எல்லாக் காலத்திலும் உண்டு. இவர் எப்படி முடியும் என்று தாளோடு வந்தவர். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு வேலை கொடுக்க மத்திய அரசு ஒரு திட்டம் வைத்திருந்தது. அந்தப் பணத்தை வைத்து, பள்ளியே இல்லாத ஊர்களில் ஓராசிரியர் பள்ளிகளைத் திறந்தார்கள். வேலையில்லாதவனுக்கு வேலை கிடைத்தது, பள்ளியில்லாத ஊருக்குப் பள்ளி கிடைத்தது. புதிய பணம் வரும்வரை காத்திருக்கவில்லை, இருக்கிற பணத்துக்குப் புதிய வழி கண்டார்கள்.

இன்னொன்று. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை, கண்ணீர் வராத செய்தி என்பதாலோ என்னவோ. 1955இல் அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஓய்வூதியம், வருங்கால வைப்புநிதி, காப்பீடு மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தது. வகுப்பில் நிற்கிற மனிதருக்கு முதுமையில் கஞ்சிக்கு வழியுண்டா என்று ஓர் அரசு யோசித்தது. வாத்தியாரை ஏழையாகவே வைத்துவிட்டு, அவரிடமிருந்து நாட்டின் எதிர்காலத்தை எப்படி எதிர்பார்ப்பது?

இனி சோற்றுக்கு வருவோம். 1956இல் எட்டயபுரத்தில், பாரதி பிறந்த ஊரில், மதிய உணவு தொடங்கியது. தொடக்கத்தில் அது முழுக்க அரசுப் பணத்தில் நடக்கவில்லை. ஊரார் குழு அமைத்தார்கள், நெல் கொடுத்தார்கள், விறகு கொடுத்தார்கள், பாத்திரம் கொடுத்தார்கள். பின்னால் அரசு தன் பங்கைச் சேர்த்தது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கு, அதில் அரசு ஆறு காசு, ஊர் நான்கு காசு. இதைப் புகழ்ந்துகொண்டே போகலாம்தான். ஆனால் ஊர்ப் பங்கு என்பது ஊரின் கையைப் பொறுத்தது. நஞ்சை நிறைந்த ஊரில் நாலு காசு தானாக வரும். மானாவாரி பார்த்து மழையில்லாமல் கிடக்கிற ஊரில் எங்கிருந்து வரும்? பசி அதிகமான ஊரில்தான் அடுப்பு அணையும் ஆபத்தும் அதிகம். அந்த ஏற்பாட்டில் இருந்த ஓட்டை இது. சொல்லாமல் விட்டால் நான் பக்திச் சொற்பொழிவு ஆற்றுகிறேன் என்று ஆகிவிடும்.

அந்த ஓட்டையை அடைத்தது யார்? 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அரசே முழுச் செலவையும் ஏற்றது. இவ்வளவு பணத்தைச் சோற்றில் கொட்டுவதா என்று படித்தவர்களே ஏளனம் செய்தார்கள். கலைஞர் ஆட்சிக்கு வந்தார், தட்டில் முட்டை வந்தது. ஜெயலலிதா காலத்தில் கலவை சாதம் வந்தது. 2022 செப்டம்பரில் மு.க. ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கிவைத்தார். இவர்கள் ஒருவரையொருவர் மேடையில் என்னென்ன பேசினார்கள் என்று உங்களுக்குத் தெரியும், நான் சொல்லவேண்டாம். ஆனால் முந்தைய ஆட்சி மூட்டிய அடுப்பை அடுத்து வந்த ஆட்சி அணைக்கவில்லை, மேலே ஒரு பண்டத்தைச் சேர்த்தது. எல்லா மாநிலங்களும் சமைத்த உணவைப் பள்ளியில் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் ஆணையிட்டபோது, நம் ஊரில் சத்துணவு அமைப்பாளர் என்பது பழகிப்போன வேலையாகியிருந்தது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். ஒரே ஓர் எண் சொல்கிறேன். 2021-22ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுக்க 28.4, தமிழ்நாட்டில் 47. எல்லாம் சோற்றால் வந்தது என்று சொல்லமாட்டேன். இடஒதுக்கீடு உண்டு, பேருந்து வசதி உண்டு, பெண்பிள்ளை படிக்கட்டும் என்று வைராக்கியமாக இருந்த தாய்மார்கள் உண்டு. ஆனால் ஒன்றாம் வகுப்பிலேயே நின்றுபோன பிள்ளை கல்லூரி வாசலுக்கு எப்படி வரும்?

பெருமை போதும், கசப்பான செய்தியையும் சொல்கிறேன். 2023இல், அதே எட்டயபுரம் வட்டாரத்தில், ஒரு பள்ளியில் காலை உணவைச் சமைத்தவர் தலித் பெண் என்பதால் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சரியான செயல். ஆனால் ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் அமைச்சர் வர முடியாது. உள்ளூரில் மரியாதைக்குரியவர் என்று ஒருவர் இருப்பாரே, அவர் அன்று காலை எங்கே போயிருந்தார்? தலைமை கோட்டையில் மட்டும்தான் இருக்க வேண்டுமா?

முன்வரிசைத் தம்பி, தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. காமராசரைப் 'படிக்காத மேதை' என்று காட்டி, படிப்பு இல்லாமலே எல்லாம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காமராசர் பள்ளியை விட்டது உண்மை. ஆனால் சுமார் ஒன்பது ஆண்டுச் சிறைவாசத்தில் அவர் படித்துக்கொண்டே இருந்தார். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கொடுத்து, 'ஆகட்டும், செய்யுங்க' என்று சொல்லத் தெரிந்தவர். அந்தப் பழக்கத்துக்குப் பயிற்சி வேண்டும், தம்பி.

கடைசியாக ஒரு வேலை. 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. ஊர்ப் பள்ளிக்கு இன்னது வேண்டும் என்று பட்டியல் போட்டு, நான் நாற்காலி, நான் கரும்பலகை, நான் கிணறு என்று மேடையிலேயே ஏற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு அது மாவட்டம் மாவட்டமாகப் போனது. நம் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் இங்கேதான் இருக்கிறார். அவரிடம் ஒரு பட்டியல் கேட்டு வாங்கியிருக்கிறேன்: பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி, சமையற்கூடத்துக்கு ஒழுகாத கூரை, ஆறாம் வகுப்புக்கு இருபது பெஞ்சு. கூரை அரசின் கடமை. அதற்கான மனுவை எழுதிவிட்டோம், பள்ளி மேலாண்மைக் குழுவினர் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டுதான் வரவேண்டும். தொட்டியையும் பெஞ்சையும் நாம் பார்த்துக்கொள்ளலாம். நூலகர் ஐயாவின் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. முதல் பெஞ்சு என்னுடையது, எழுதிவிட்டேன். மீதி பத்தொன்பது. கூட்டம் முடிந்ததும் அவசரப்பட்டு செருப்பைத் தேடாமல், அந்த மேசைப் பக்கம் ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள்.