தோட்டத்து மனநலம்: யாரைப் பயிற்றுவிப்பது?

நெகிரி செம்பிலான் தோட்டமொன்றில் டிரெசராக, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளராக, பணியாற்றிய தந்தையின் நினைவாகப் பிள்ளைகள் நிறுவிய அறக்கட்டளை இது. ஆகவே மனநலச் சீர்திருத்தத்தைப் பற்றிய என் பேச்சையும் டிரெசரிலிருந்தே தொடங்குகிறேன்.

ரந்தாவ், லாபு, சிலியாவ் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காய்ச்சல், கத்திக் காயம், பிள்ளைப்பேறு என எதுவானாலும் முதலில் ஓடியது அவரிடம்தான். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே வந்தது. லயத்து மொழி அவருக்குத் தெரியும்; எந்த வீட்டில் என்ன சண்டை என்பதும் தெரியும். மனம் முறிந்தவருக்கோ மிஞ்சியது தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை. 1911இல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் பெயர் ஒட்டிக்கொண்டால், குணமாகித் திரும்பியவருக்கும் பெண் கொடுக்க ஆள் இல்லை.

சட்டங்கள் இன்று மாறிவிட்டன. 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்து, சமூக மனநல மையங்களுக்கு வழி திறந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நீக்க 2023 மே மாதம் மக்களவை ஒப்புக்கொண்டது. ஆனால் கைகள் எங்கே? 2018 கணக்குப்படி நாடு முழுவதற்கும் மனநல மருத்துவர்கள் 410 பேர், லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குச் சற்றே மேல். அவர்களில் எத்தனை பேர் பகாவுக்கும் கெமாஸுக்கும் வந்து உட்காரப் போகிறார்கள்?

மருந்தடிக்கும் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். "தலை கனக்குது, தூக்கமே இல்ல, நெஞ்சு படபடங்குது" என்கிறாள். பனடோல் கொடுத்து அனுப்பிவிடலாம். பயிற்சி பெற்றவர் அனுப்பமாட்டார். எத்தனை வாரமாக? சோறு இறங்குதா? வேலைக்குக் கிளம்ப மனசு வருதா? பிறகு தணிந்த குரலில், "செத்துப்போயிடலாம்னு தோணுதா அக்கா?" என்று நேராகவே கேட்பார். இப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை ஊட்டிவிடும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. உயிரைப் பறிக்கும் பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் இங்கே தடை செய்யப்பட்டுவிட்டது. இருந்தாலும் பூச்சிமருந்துக் கிடங்கின் சாவி யாரிடம் என்று விசாரிப்பதும் இந்தத் திறனைச் சேர்ந்ததே. அடுத்த வாரம் அவள் வராவிட்டால் வீடு தேடிப் போவதும் அப்படித்தான்.

இதைப் படித்துப் பட்டம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. கோவாவில் சங்காத் அமைப்பு, மனநலப் பட்டம் ஏதும் இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்தது. கடும் மனச்சோர்வு உள்ளவர்களோடு அவர்கள் ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேசினார்கள். 2017இல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, மூன்று மாதத்தில் அவர்களிடம் வந்தவர்களில் 64 விழுக்காட்டினர் தேறினர்; வழக்கமான கவனிப்பில் 39 விழுக்காடு. அந்தத் திட்டத்தின் உயிர் தொடர் மேற்பார்வையில் இருந்தது. ஆலோசகர்கள் தங்கள் உரையாடல்களின் ஒலிப்பதிவை ஒருவருக்கொருவர் போட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டார்கள். நம் ஊரில் அரைநாள் கருத்தரங்கு, ஒரு சான்றிதழ், குழுப்படம் என்று முடிந்துபோகும் பயிற்சிகளைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தமிழிலேயே பாடம் சொல்ல ஆள் உண்டா என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணத்தைப் பார்க்கட்டும். பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரது சகாக்களும் போர்க்காலத்திலேயே தமிழில் பயிற்சி நூல் எழுதி, கிராம மட்டத்தில் பணியாளர்களை உருவாக்கினார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். தோட்டக் கிளினிக்கில் இருக்கும் உதவியாளருக்கும், தமிழ்ப்பள்ளியில் ஓர் ஆசிரியருக்கும் முறையான பயிற்சி வேண்டும். சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையிலிருந்து மாதந்தோறும் மேற்பார்வை வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளமும் வேண்டும்; தொண்டு என்ற பெயரில் சுமத்தினால் ஆறு மாதத்தில் ஓய்ந்துபோவார்கள்.

இன்னொன்று. நம்மவர் பலர் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். செம்பனைக் குலை வெட்டுபவர்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசியரும் நேப்பாளியரும் அதிகம். குடும்பத்தைக் கடல் தாண்டி விட்டுவந்தவர்கள் அவர்கள். முன்பு நம் பாட்டன் வந்தது போலவே. அவர்கள் மொழி பேசும் சக தொழிலாளி ஒருவரையும் இதே வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்று தோட்ட நிறுவனங்களை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.