கயிற்றை விடாதே மச்சான்



கன்னியாகுமரி மாவட்டத்தில் இரவிபுத்தன்துறை என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே மீனவர் வீட்டில் பிறந்த பிள்ளை மைக்கேல் சூசைராஜ்.

(கைதட்டல்)

தட்டுகிறீர்கள். சந்தோஷம். 2019இலும் இப்படித்தான் தட்டினீர்கள். நடுவில் அந்தத் தம்பி கட்டிலில் கிடந்தாரே, அப்போது தட்டினீர்களா? அதைக் கேட்கத்தான் இன்றைக்கு மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

சென்னை சிட்டி கால்பந்து அணியில் ஆடினார். ஜம்ஷெட்பூர் கூப்பிட்டது, போனார். முதல் சீசனிலேயே நாலு கோல். அங்கிருந்து கொல்கத்தாவின் ஏ.டி.கே. அள்ளிக்கொண்டு போனது. 2019 ஜூன் மாதம் தாய்லாந்தில் கிங்ஸ் கோப்பை நடந்தபோது இந்தியச் சட்டை போட்டார். 2020 மார்ச்சில் ஏ.டி.கே. ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கியபோது நம் பிள்ளை அந்த அணியில் இருந்தார். கடற்கரை மணலில் வெறுங்காலோடு உதைத்துப் பழகிய கால் அய்யா அது!

2020 நவம்பர் 20. கொரோனா காலம். கோவாவில் பம்போலிம் மைதானம், சுற்றிலும் வெறும் நாற்காலிகள். சீசனின் முதல் ஆட்டம், எதிரே கேரளா பிளாஸ்டர்ஸ். 14ஆவது நிமிடம் தம்பி முழங்காலில் அடிபட்டு வெளியே வந்தார். ஏ.சி.எல். என்று பையன்கள் சொல்கிறார்களே, முழங்காலுக்குள் இருக்கிற அந்தத் தசைநார் போய்விட்டது. ஒரு வருடம் முழுக்க உழைத்து, உடம்பைத் தேற்றி, சீசனுக்காகக் காத்திருந்த மனிதனுக்குக் கிடைத்தது 14 நிமிடம்.

அந்த வாரமே நம் பீச் ரோட்டு டீக்கடையில் ஒருவர் சொல்கிறார்: "சூசைராஜா? அவன் கதை முடிஞ்சிட்டுல்லா!" நான் கேட்டேன், "என்ன முடிஞ்சுதுய்யா? 26 வயசு. கால் போச்சா, ஆளே போயிட்டானா?" அவர் டீயை ஆற்றிக்கொண்டே அடுத்த ஆட்டக்காரனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பிறகு தம்பி திரும்ப வந்தார், தெரியுமா? மறு சீசனில் மறுபடி மைதானத்தில் இறங்கினார். பிறகு ஒடிசா அணிக்குப் போனார். பழைய வேகம் இருந்ததா என்று கேட்காதீர்கள். அறுந்த காலைக் கட்டி எழுப்பிக்கொண்டு அத்தனை பெரிய மைதானத்துக்குள் ஒருத்தன் மறுபடி ஓடி வருகிறான் என்றால், அந்த முதல் அடிக்கே எழுந்து நின்று கைதட்ட வேண்டாமா?

இந்த ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. ஏன் தெரியுமா? இது முத்துக்குளித்துறை. கடைசி முத்துக்குளிப்பு 1961. அதைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். காலில் கல்லைக் கட்டி, மூச்சைப் பிடித்து, ஏழு பாகம் எட்டு பாகம் ஆழத்துக்கு ஒருவன் இறங்குவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். யாரைப் பிடிக்கச் சொல்வார்கள்? அண்ணனை அல்ல, தம்பியை அல்ல, கூட்டாளியை அல்ல. மச்சானை! பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனை! அக்காள் தாலிக்காக அவன் கயிற்றை விடமாட்டான்.

(பலத்த கைதட்டல்)

கேளுங்கள், கேளுங்கள், இன்னும் முடிக்கவில்லை. கீழே போனவன் எப்படி இருக்கிறான் என்று மேலே இருக்கிறவனுக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கல். கயிறு அசைகிறதா, அது ஒன்றுதான் சேதி. தோணியில் இருக்கிற மற்றவர்கள் "இவ்வளவு நேரமாச்சு, இனி எங்கே வரப்போறான்" என்று பேசலாம். கயிறு பிடித்தவன் பேசக்கூடாது. கயிற்றைப் பார்க்கவேண்டும். ரசிகன் என்று சொல்லிக்கொள்கிறோமே, அவன் கையில் இருப்பது விசில் அல்ல, அந்தக் கயிறு!

இப்போது அந்தத் தம்பிக்கு வருகிறேன். சூசைராஜ் இல்லை, வேறொரு தம்பி. நம் தெரஸ்புரத்துப் பக்கம். பெயரைச் சொல்லமாட்டேன், அவன் அம்மா இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அப்பா சங்குகுளி. தம்பி கீப்பர். போன கோடையில் ஒரு இறுதிப்போட்டி, ஆயிரம் பேர், இல்லை ரெண்டாயிரம் பேர் பார்த்திருப்பார்கள். ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடம். தூரத்தில் இருந்து ஒரு பந்து, சாதாரணப் பந்து, கைக்குள் வரவேண்டிய பந்து, மேலே போய் விழுந்துவிட்டது. தோல்வி.

நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவன் கையுறையைப் பார்த்தேன். கட்டைவிரல் பக்கம் கிழிந்து, என்ஜின் வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பைச் சுற்றியிருந்தான். ஆனால் பந்து போனதற்குக் காரணம் கை இல்லை. குதிக்கவே இல்லை அவன். அரையிறுதியிலேயே முழங்கால் பூசணிக்காயாய் வீங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேறு கீப்பர் இல்லை, அணி ஆட முடியாது. நம் ஊர் மானத்துக்காக ஒற்றைக் காலில் நின்றவனை என்ன சொன்னார்கள் தெரியுமா? காசு வாங்கிவிட்டான் என்றார்கள்! அன்றைக்கு ராத்திரியே அவன் படத்தைப் போட்டு மீம். ஓட்டைச் சல்லடை என்று அவன் தலையில் எழுதி, தெருப்பிள்ளைகள் போனுக்கெல்லாம் போனது.

அத்தோடு விட்டார்களா? மறு வாரம் ஊர் முனையில் இருந்த ஃப்ளெக்ஸ். அணி மொத்தமும் வரிசையாய் நிற்கிற படம். அதில் ஒரு முகத்தில் மட்டும் வெள்ளைத் தாளை ஒட்டியிருந்தார்கள். பத்து முகம் சிரிக்கிறது, நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம். பசை காயாமல் ஓரம் சுருண்டிருந்தது. அந்த வழியாகத்தான் அவன் அம்மா கூடையோடு ஏலத்துக்குப் போகவேண்டும்.

(அமைதி)

ஒட்டியது யார் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சில பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு வருடம் ஒரு சட்டை. போன வருடம் ஜெயித்த அணியின் சட்டை போன வருடம், இந்த வருடம் ஜெயிக்கிற அணியின் சட்டை இந்த வருடம். அவர்கள் நடத்துகிற போட்டியில் கோப்பை ஆள் உயரம் இருக்கும். வெளியூரில் இருந்து காசு கொடுத்து ஆள் இறக்குவார்கள். வருடம் பூராவும் இந்த மணலில் ஓடின சொந்த ஊர்ப் பையன் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் தூக்குவான். ஜெயித்தால் மாலை இவர்கள் கழுத்தில், தோற்றால் பழி அவன் தலையில்! விசில் வேண்டாம் தம்பிகளா, நான் கோபத்தில் பேசுகிறேன். பிள்ளைகளை வளர்க்கத் தெரியாதவனுக்குப் பிள்ளைகளைத் திட்ட என்ன உரிமை?

அங்கே மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறதே, பிரேசில் ரசிகர்கள். உங்கள் பிரேசிலில் ஒரு கீப்பர் இருந்தார். மோவாசிர் பார்போசா. 1949இல் தென் அமெரிக்கக் கோப்பையை வென்ற அணியின் கீப்பர். மறு வருடம், 1950 ஜூலை 16, மரக்கானா மைதானத்தில் உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம். இரண்டு லட்சம் பேர் என்கிறார்கள். உருகுவேயின் கிக்ஜியா அடித்த பந்து கம்பத்துக்கும் கீப்பருக்கும் நடுவே புகுந்தது. 2-1. நாடே அழுதது. பதினோரு பேர் ஆடிய ஆட்டத்துக்கு ஒரு மனிதனைப் பிடித்துக் கூண்டில் ஏற்றினார்கள். கடையில் பார்த்தால் கைகாட்டினார்கள், குழந்தைக்கு அடையாளம் காட்டினார்கள். பிரேசிலில் எத்தனை பெரிய குற்றத்துக்கும் 30 வருடத்துக்கு மேல் தண்டனை இல்லை, எனக்கு மட்டும் 50 வருடம் என்று அந்த மனிதர் சொன்னாராம். 2000ஆம் வருடம் அதே பழியோடு செத்தார். அவர்கள் ஐந்து கோப்பை வாங்கியிருக்கிறார்கள். ஐந்தையும் உருக்கினாலும் அந்தப் பெரியவருக்குச் செய்த பாவம் தீருமா? தெரஸ்புரத்துப் பிள்ளைக்கு அதே தண்டனையை நாம் கொடுப்பதா?

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. சொல்லும்போதே நெஞ்சு வலிக்கிறது. 1906இல் இதே துறைமுகத்தில் வெள்ளைக்காரனை எதிர்த்துச் சுதேசிக் கப்பல் விட்டார் வ.உ.சி. 1908இல் அவரைப் பிடித்தபோது திருநெல்வேலி கொதித்து எழுந்தது, துப்பாக்கிச் சூட்டில் நாலு உயிர் போனது. இரண்டு ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு. செக்கிழுத்தார். அவர் உள்ளே இருக்கும்போதே கம்பெனி மூடப்பட்டது, கப்பல்கள் கை மாறின. 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையில் இருந்து வெளியே வருகிறார். கூட்டம் எங்கே? ஜே போட்டவர்கள் எங்கே? வாசலில் காத்திருந்தவர் சுப்பிரமணிய சிவா. தொழுநோய் தின்கிற உடம்போடு வந்து நின்றார் அந்த மகான். இன்றைக்குத் துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர், கல்லூரிக்கு வ.உ.சி. பெயர், மாலை போட வரிசை. அன்றைக்கு அந்த வாசலுக்கு ஒரு பத்துப் பேர் போயிருக்கக்கூடாதா?

(கைதட்டல்)

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று, தம்பிகளுக்குப் பிடிக்கும். மான்செஸ்டர் யுனைடெட்டின் ஹாரி மகுவையர். எட்டுக் கோடி பவுண்டு கொடுத்து வாங்கிய ஆள். சொந்த ரசிகர்களே ஏசினார்கள். கேலி எவ்வளவு தூரம் போனது தெரியுமா? 2022இல் ஆப்பிரிக்காவில், கானா நாட்டு நாடாளுமன்றத்தில், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் துணை அதிபரைத் திட்டுவதற்கு "இவர் நம் நாட்டு மகுவையர்" என்றார்! மறு வருடம் மகுவையர் ஆட்டத்தால் எழுந்து வந்தபோது, அதே உறுப்பினர் அதே சபையில் எழுந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டார். இதற்கிடையே யுனைடெட்டில் அவரிடம் இருந்த கேப்டன் பட்டையைப் பிடுங்கினார்கள். மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் பயிற்சிக்கு வந்துகொண்டே இருந்தார். 2025 ஏப்ரல் 17, யூரோப்பா லீக் காலிறுதி, எதிரே பிரான்சின் லியோன். கூடுதல் நேரத்தில் 4-2 என்று பின்தங்கிக் கிடக்கிறார்கள். எத்தனையோ பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். 4-3 ஆனது. 4-4 ஆனது. 121ஆவது நிமிடம் ஒரு தலை எழும்பி முட்டியது. யார் தலை? மகுவையர் தலை! 5-4! வீட்டுக்குப் போனவர்கள் அந்தக் கோலை ரேடியோவில் கேட்டுக்கொள்ளட்டும். இருந்தவனுக்கு மட்டும்தான் அந்தச் சத்தம் சொந்தம்.

(நீண்ட கைதட்டல், விசில்)

இந்திய அணியின் கேப்டனாக இருந்த நம் சுனில் சேத்ரி 2018இல் கைகூப்பினாரே, மறந்துவிட்டீர்களா? மும்பையில் தைவானை 5-0 என்று அடித்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். திட்டுங்கள், ஏசுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து ஏசுங்கள் என்று கெஞ்சினார். மூன்றாம் நாள் கென்யாவோடு ஆட்டம், மைதானம் நிரம்பியது. கேப்டன் கெஞ்சித்தான் வரவேண்டுமா?

சூசைராஜுக்கு அடிபட்டபோது கிளப் இருந்தது, மருத்துவர் இருந்தார், பிசியோ இருந்தார். என் தெரஸ்புரத்துத் தம்பிக்கு யார் இருக்கிறார்கள்? ஆபரேஷன் செய்தால் ஆறு மாதமோ ஒன்பது மாதமோ கடலுக்குப் போகமுடியாது. வீட்டில் உலை யார் வைப்பது? அதற்குப் பயந்துகொண்டு இப்போதும் அந்த முழங்காலோடு வள்ளத்தில் போய்க்கொண்டிருக்கிறான். ஒரு காலத்தில் பந்து ஆடத் தெரிந்தால் துறைமுகத்தில், ரயில்வேயில், வங்கியில் வேலை கிடைக்கும் என்று தகப்பன்மார்கள் நம்பிப் பிள்ளையை அனுப்பினார்கள். இன்றைக்கு எந்த நம்பிக்கையில் அனுப்புவார்கள்? இந்த ஊரில் உப்பளம் வைத்திருக்கிற முதலாளிகள் இருக்கிறார்கள், சரக்குப் பெட்டகம் ஏற்றி இறக்குகிற கம்பெனிக்காரர்கள் இருக்கிறார்கள், முன்வரிசையிலேயே சிலர் இருக்கிறீர்கள். ஆள் உயரக் கோப்பை எங்களுக்கு வேண்டாம் அய்யா. அந்தக் கோப்பைக்குப் போடுகிற பணத்தை முழங்காலுக்குப் போடுங்கள். அடிபட்ட பையன் கட்டிலில் கிடக்கிற மாதங்களுக்கு அவன் வீட்டுக்கு அரிசி போகட்டும்.

மன்றத்துச் செயலாளரிடம் காலையிலேயே பேசிவிட்டேன். ரசீதுப் புத்தகம் அச்சடித்துத் தயாராக இருக்கிறது. முதல் ரசீது என் பெயரில், பத்தாயிரம் ரூபாய். இதோ பணம். இரண்டாவது ரசீதுக்குப் பெயர் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள், மைக்கில் அறிவிக்கிறேன்.