வெள்ளத்துக்கு வரைபடம் போடுவது யார்?

(வத்தலக்குண்டில் இளைஞர்கள், மாணவர்கள் நடுவே பேசியதன் எழுத்து வடிவம்)



மஞ்சளாற்றுப் பக்கம் நின்றுகொண்டு ஆப்பிரிக்கக் கடற்கரை நகரங்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மழை பொய்த்துக் கூலி வேலை இல்லாமல் போனால் நம் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய் இறங்குகிற சென்னை ஒரு கடற்கரை நகரம். அந்தச் சென்னையின் ஐஐடி, 2023 ஜூலையில் ஒப்பந்தம் போட்டு, தான்சானியாவின் சான்சிபார் தீவில் ஒரு வளாகம் தொடங்கியது. இந்தியாவுக்கு வெளியே தொடங்கப்பட்ட முதல் ஐஐடி வளாகம் அதுதான். ஆகவே இது நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை.

சான்சிபார் நகரத்தின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். கடற்கழிக்கு ஒரு பக்கம் கல் வீடுகள் நிறைந்த ‘ஸ்டோன் டவுன்’. அரபு வணிகர்கள், இந்திய வணிகர்கள், ஐரோப்பியர்கள் இருந்த இடம். கழிக்கு மறுபக்கம் அடிமைகளாக இருந்தவர்களும் ஏழை ஆப்பிரிக்கர்களும் குடிசை போட்டு வாழ்ந்த பகுதி. அதன் பெயர் ‘ஙாம்போ’. சுவாகிலி மொழியில் அதற்கு ‘அந்தப் பக்கம்’ என்று பொருள். ஊர் என்றும் சேரி என்றும் பிரித்துப் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1923-இல் அந்த நகரத்துக்குத் திட்டம் வகுத்தவர் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர். 1918-இல் சென்னை நகரத் திட்டமிடல் பற்றி நூல் எழுதியவரும் அவரே. காலனி ஆட்சிக் காலத்திலேயே சென்னைக்கும் சான்சிபாருக்கும் வல்லுநர் தொடர்பு இருந்திருக்கிறது. சேரிக்கும் ஙாம்போவுக்கும்தான் தொடர்பு இல்லை.

தென்னாப்பிரிக்காவுக்குப் போவோம். 1950-இல் நிறவெறி அரசு, எந்த இனம் எந்த இடத்தில் வாழலாம் என்று வகுத்துச் சட்டம் போட்டது. கேப் டவுன் நகரின் நடுவில் இருந்த ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ பகுதியை 1966-இல் வெள்ளையருக்கு உரியதாக அறிவித்தது. அங்கிருந்து 60,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் ‘கேப் ஃப்ளாட்ஸ்’ என்ற தாழ்வான மணல்வெளி. நிலத்தடி நீர் மேலேயே நிற்கிற அந்த மண்ணில் ஒவ்வொரு குளிர்கால மழைக்கும் வீட்டுக்குள் தண்ணீர் வரும். அதை இயற்கைச் சீற்றம் என்று எழுதுவது அந்தச் சட்டத்தை மறைப்பதாகும்.

இப்போது சென்னை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டன. அவர்களில் பெரும்பகுதியினர் தலித் மக்கள். காரணம் என்ன சொன்னார்கள்? வெள்ள ஆபத்திலிருந்து பாதுகாப்பு. பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் நடந்து போனவர்கள் 20, 25 கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டியதாயிற்று. பிள்ளைகள் நடுவில் பள்ளி மாற வேண்டியதாயிற்று. மழை வந்தால் அங்கேயும் தண்ணீர். அந்தச் சதுப்பு நிலத்தை மூடி எழுந்த ஐ.டி. வளாகங்களையும் கல்லூரிகளையும் எந்த புல்டோசரும் தொடவில்லை. 2022-இல் அதற்கு ராம்சர் தகுதி கிடைத்தபோது எல்லோரும் கைதட்டினோம். அந்த நிலத்துக்கு யார் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்ற கணக்கை மட்டும் யாரும் கேட்கவில்லை. வெள்ளம் வடிந்ததும் சேற்றையும் கழிவையும் அள்ள வெளி மாவட்டங்களிலிருந்து அழைத்து வரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் எந்தச் சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

“அப்படியானால் அவர்கள் ஆற்றங்கரையிலேயே கிடக்கட்டும் என்கிறீர்களா?” என்று கேட்பார்கள். இல்லை. வேலைக்கும் பள்ளிக்கும் பக்கத்தில், மேட்டு நிலத்தில், அந்த மக்களைக் கேட்டு வீடு கட்டுங்கள் என்கிறோம். ஆற்றின் நிலம் ஆற்றுக்கே என்றால், அந்தச் சட்டம் குடிசைக்கும் கோபுரத்துக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்கிறோம்.

பல்கலைக்கழகக் கூட்டு ஆய்வுகள் இங்கேதான் நமக்கு முக்கியமாகின்றன. ஆபத்துப் பகுதி என்று வரைபடத்தில் சிவப்பு நிறம் பூசுவது ஆய்வாளர். நாளை ஓர் அதிகாரி அந்தச் சிவப்பைக் காட்டித்தான் காலி செய்யச் சொல்வார். வரைபடத்தில் மழை அளவு இருக்கும், கடல் மட்டம் இருக்கும், சாதி இருக்காது. பேராசிரியர் பணியில் இட ஒதுக்கீட்டை உறுதிசெய்ய 2019-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டே ஒன்றியக் கல்வி அமைச்சகம் அமைத்த குழு, ஐஐடிகளுக்கு அதிலிருந்து விலக்கு கேட்டுப் பரிந்துரைத்தது. இங்கே அறைக்குள் விடாதவர்களை, கடல் தாண்டிப் போய் ‘பங்கேற்பு’ என்ற சொல்லால் வரவேற்க முடியாது.

வேறு வழி இல்லையா? இருக்கிறது, அதைக் காட்டியவர் ஒரு தமிழர். கோலார் தங்கவயலில் பிறந்து, மும்பை குடிசைப் பகுதியில் வாழ்ந்து, அங்கேயே மக்களைத் திரட்டிய ஜோக்கின் அற்புதம். பட்டம் எதுவும் இல்லாதவர். குடிசை மக்கள் தங்கள் வீடுகளைத் தாங்களே எண்ணி, தாங்களே வரைபடம் போட வேண்டும் என்றார். கணக்கில் இல்லாதவனைத்தான் அரசு எளிதாகத் துரத்தும் என்று அவருக்குத் தெரியும். 1991-இல் தென்னாப்பிரிக்கா சென்று அங்குள்ள குடிசை மக்களோடு அந்த அனுபவத்தைப் பகிர்ந்தார். அதிலிருந்து 1996-இல் பன்னாட்டுக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு உருவானது. ஆப்பிரிக்க நகரத் திட்டமிடல் கல்வி நிறுவனங்களின் சங்கம் 2010-இல் அந்தக் கூட்டமைப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2017-இல் நைரோபி மாவட்ட அரசு முக்குரு குடிசைப் பகுதியைச் சிறப்புத் திட்டமிடல் பகுதியாக அறிவித்தபோது, பல்கலைக்கழகங்கள் அந்த மக்கள் அமைப்போடு உட்கார்ந்துதான் திட்டம் வகுத்தன. நைரோபி கடற்கரை நகரம் இல்லை, ஆனால் கடற்கரை நகரங்களுக்கும் அந்த முறை பொருந்தும்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. காலநிலை பாதிப்பு ஆய்வு எதுவானாலும் சாதிவாரித் தரவு இருக்க வேண்டும். களத்தில் தகவல் தரும் மக்களுக்குச் சம்பளமும் ஆய்வறிக்கையில் பெயரும் தர வேண்டும். மக்களின் ஒப்புதல் இல்லாத வெளியேற்றத்துக்கு எந்த ஆய்வும் சான்றாகப் பயன்படக் கூடாது.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். அடுத்த மழையில் உங்கள் ஊரில் எந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது, அந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள், சாக்கடை எங்கிருந்து புறப்பட்டு யார் வீட்டு வாசலில் முடிகிறது, சுடுகாட்டுப் பாதை எத்தனை நாள் மூழ்குகிறது என்று எழுதுங்கள். தெருவின் பெயரோடு, தேதியோடு எழுதுங்கள். ஙாம்போவில் இருக்கும் ஓர் இளைஞன் அதைப் படித்தால் தன் தெருவை அதில் அடையாளம் கண்டுகொள்வான். அவனோடுதான் நாம் ஒப்பந்தம் போட வேண்டும்.

ஜெய் பீம்.