நிலம் பார்த்து நடந்தவர்கள்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் என்பதால் நீரிழிவு பற்றித்தான் பேசுவேன் என்று பயந்திருப்பீர்கள். இன்று ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன்.

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்கான ஜீ.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்திருந்தது. இடத்தைக் காட்டுவதில் 100 மீற்றர் வரை பிசகும். மே 2ஆம் திகதி அதை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒறிகன் மாநிலத்தில், மரங்களுக்கிடையே சில பொருட்களுடன் ஒரு கறுப்பு வாளியை ஒளித்துவைத்து, அதன் அகலாங்கு நெட்டாங்கை இணையத்தில் அறிவித்தார். கண்டுபிடிப்பவர் ஏதாவது எடுக்கலாம். பதிலுக்கு ஏதாவது வைக்கவேண்டும். இன்று உலகெங்கும் ஆடப்படும் புதையல் தேடல் அப்படித்தான் பிறந்தது.

அதே மே மாதம் நாங்கள் யாழ்ப்பாணத்தில் செல் வரும் திசையைக் காதால் கணித்துக்கொண்டிருந்தோம். நிலத்தில் கிடப்பது எதையும் தொடாதே என்பதே எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த பாடம்.

சில வருடங்களுக்கு முன் போலந்தின் வ்ரோட்ஸ்வாவ் நகருக்குப் போனேன். 1980களில் அங்கே ஆட்சிக்கு எதிரான சுவர் வாசகங்களை வெள்ளை பூசி மறைத்தார்கள். இளைஞர் இயக்கமொன்று அந்த வெள்ளைத் திட்டுகளின் மேல் சித்திரக்குள்ளர்களை வரைந்தது. அந்த நினைவாக 2001இல் ஒரு சிலை வைத்தார்கள். 2005இல் சிற்பி தோமாஸ் மொச்செக் செய்த குட்டிச் சிலைகள் வந்தன. இன்று தெருவெங்கும் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. கைத்தொலைபேசியில் வரைபடத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளும் கிழவர்களும் தேடுகிறார்கள்.

நானும் தேடினேன். பழைய நகர மண்டபத்தருகே மூன்று குள்ளர்களைக் கண்டேன்: ஒருவர் பார்வையற்றவர், ஒருவர் செவிப்புலனற்றவர், ஒருவர் சக்கர நாற்காலியில். குனிந்து தொட்டபோதுதான் உறைத்தது. வாழ்க்கையில் முதற்தடவையாக, பயமில்லாமல் நிலத்தைப் பார்த்து ஒன்றைத் தேடியிருக்கிறேன்.

மிதிவெடியில் காலிழந்த ஒரு தாய் என்னிடம் சிகிச்சைக்கு வருவார். அவரும் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான். "விழாவுக்கு வாறீங்களோ?" என்று கேட்டேன். "அந்தப் படியெல்லாம் ஏறேலாது, டொக்டர்" என்றார்.

எனவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகப் பெரிய சிலை ஒன்று வேண்டாம். மாணவிகளே வடிவமைக்கும் 10 சின்னஞ்சிறு சிற்பங்களை வளாகத்திலும் அயல் தெருக்களிலும் வைப்போம். கைத்தொலைபேசியைக் கொண்டு தேடட்டும். ஒரேயொரு நிபந்தனை: சக்கர நாற்காலியில் வருபவரும் அவை ஒவ்வொன்றையும் தொடக்கூடியதாக இருக்கவேண்டும். படி குறுக்கிடும் இடத்தில் முதலில் சாய்தளம் கட்டுவோம், பிறகு சிற்பம் வைப்போம்.

முதலாவது சாய்தளத்துக்கான செலவை எங்கள் வகுப்புத் தோழிகள் ஏற்றுக்கொள்கிறோம். அது முடிந்ததும் அந்தத் தாயை நானே அழைத்துவருவேன்.