சி வகை ஈரல்நோயும் மருந்துண்ணும் முறையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிள்ளைகளுக்கு இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து நாட்கழிக்கும் யான், இன்று மருத்துவத்தைப்பற்றிப் பேச எழுந்தமை உங்களுட் பலர்க்கு வியப்பாயிருத்தல் கூடும். யான் மருத்துவனல்லேன். ஆயினும், என் தமையனார்க்கு உற்ற நோயொன்றும், அதனை அவர் மறைத்தமையால் விளைந்த இடரும், முடிவில் மருந்துண்டு அவர் குணம் பெற்ற வகையும் யான் உடனிருந்து கண்டவை. அவற்றை அவருடைய இசைவு பெற்றே ஈண்டு எடுத்துரைக்கின்றேன். ஒரு குடும்பம் பட்ட பாடு மற்றொரு குடும்பத்திற்குப் பாடமாகுமாயின் அதுவே போதும் என்பது அவர் கருத்து.

என் தமையனார் ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலையொன்றில் முப்பதாண்டுகளுக்கு மேலாக உழைத்தவர். 1991-ஆம் ஆண்டில் நேர்ந்த ஒரு விபத்தில் கால் முறிந்து, அறுவை மருத்துவத்தின்போது அவருக்கு இரத்தம் ஏற்றினார்கள். பின்னர்ப் பல்லாண்டுகள் நலமாகவே இருந்தார். மூன்றாண்டுகளுக்கு முன் குடலிறக்க அறுவைக்காக இரத்தம் சோதித்தபோது, ‘ஹெப்பாடைட்டிஸ் சி’ என்னும் ஈரலழற்சி நோய்க்குரிய அடையாளம் காணப்பட்டது. அவரோ அச்சோதனைத் தாளை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, எட்டுத் திங்கள் ஒருவரிடமும் வாய் திறவாதிருந்தார். காரணம் யாதெனின், அப்பொழுது அவர்தம் மகளுக்கு மணம் பேசிக்கொண்டிருந்தோம். ‘பெண்ணின் தந்தைக்குத் தொற்றுநோய்’ என்னும் சொல் வெளிப்படின் சம்பந்தம் முறியும் என அவர் அஞ்சினார். அவ்வெட்டுத் திங்களும் காலைதோறும் கீழாநெல்லியை அரைத்து மோரிற் கலந்து உண்டுவந்தார். என் அண்ணியார் பெட்டியைத் துலக்கும்போது அத்தாள் அவர் கையிற் பட்டது. அன்றுதான் எங்களுக்குச் செய்தி தெரிந்தது.

இந்நோயின் இயல்பைச் சிறிது கூறுவேன். இது சி வகை வைரஸ் என்னும் நுண்கிருமியால் வருவது. 1989-ஆம் ஆண்டில் இக்கிருமி இன்னதென அறியப்பட்டது. அதனைக் கண்டறிந்தமைக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் என்னும் அறிஞர் மூவர் 2020-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றனர். 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்களும், நம் நாட்டில் ஏறத்தாழ 55 இலக்கம் மக்களும் இந்நோயுடையர் என உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிடுகின்றது. உடலிற் புகுந்த கிருமி பத்துப்பேரில் ஏறக்குறைய மூவர்க்குத் தானே நீங்கும். ஏனையோர்க்கு ஈரலில் நிலைத்துவிடும். நிலைத்தவர்களுள் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேர் வரை, இருபதாண்டுகளில் ஈரல் தழும்பேறிச் சுருங்கும் நிலையை எய்துவர். சிலர்க்கு ஈரலில் புற்றும் தோன்றும். அதுகாறும் நோவுமில்லை, மஞ்சள் நிறமுமில்லை. எனவே, ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பது இந்நோயிற் செல்லாச் சொல்.

இது பரவும் வழி இரத்தம் ஒன்றே எனல் பெரிதும் பொருந்தும். சோதியாத இரத்தம், கொதியாத ஊசி, பலர்க்குப் பயன்படும் சவரக்கத்தி, பச்சைகுத்தும் ஊசி ஆகியவை அதன் வாயில்கள். எகிப்து நாட்டில் முன்னொரு காலத்தில் வேறொரு நோயைத் தீர்க்கவேண்டி ஊசிகளை மாற்றாது பலர்க்கும் மருந்து செலுத்தியமையால் இக்கிருமி நாடெங்கும் பரவிற்று. அதே எகிப்து 2018-ஆம் ஆண்டில் பெருஞ்சோதனை இயக்கமொன்றைத் தொடங்கி, நோயுடையார்க்கு மருந்தளித்து, இன்று உலகிற்கே முன்மாதிரியாக விளங்குகின்றது. நம் பக்கத்தார் சிலர், தோலின் நாற்றத்தாலும் சாயநீராலும் இந்நோய் வருமெனக் கருதுகின்றனர், அது பிழை. ஓரிலையில் உண்பதாலும், ஒரு குவளையில் நீர் பருகுவதாலும், குழந்தையை முத்தமிடுவதாலும் இது தொற்றாது. இதனை அறியாமல் என் தமையனார் எட்டுத் திங்கள் தமக்கெனத் தனித்தட்டு வைத்து உண்டார். அதற்குக் காரணம் கேட்டவர்க்கு வேறேதோ விடை கூறினார்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என ஓர் அதிகாரமே வகுத்து, மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவார் ஆகிய நால்வகை உறுப்புக்களை உடையது என்னும் கருத்தால் அதனை முடித்தார். யானும் அந்நெறியே பற்றிச் சொல்லுகின்றேன்.

முதலாவது, மருந்து. பண்டு இந்நோய்க்கு ஓராண்டளவும் ஊசி போட்டார்கள். துன்பம் பெரிது, பயன் குறைவு. 2013-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் சோபோஸ்புவிர் என்னும் மாத்திரை இசைவு பெற்றது. அங்கு அப்பொழுது அதன் விலை மாத்திரை ஒன்றுக்கு 1,000 டாலர். பன்னிரண்டு வாரத்திற்கு 84,000 டாலர். 2014-ஆம் ஆண்டில் இந்தியக் கம்பெனிகள் சில உரிமம் பெற்று அதனை இங்கேயே செய்யத் தொடங்கியபின் விலை பன்மடங்கு வீழ்ந்தது. 2018 ஜூலை 28-ஆம் நாள் இந்திய அரசு தேசிய ஈரலழற்சித் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, இம்மருந்தை இலவசமாக வழங்க ஏற்பாடு செய்தது. ஆகவே, ‘பணமில்லை’ என்று எவரும் வாளாவிருத்தல் வேண்டா. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைந்து வினவுக.

ஈரல் தழும்பேறாதவர்க்குச் சோபோஸ்புவிர் 400 மில்லிகிராமும் டக்ளடாஸ்விர் 60 மில்லிகிராமும் நாளொன்றுக்கு ஒருமுறை, பன்னிரண்டு வாரம் கொடுப்பது வழக்கம். தழும்பேறியவர்க்குச் சோபோஸ்புவிருடன் வெல்படாஸ்விர் 100 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரையைத் தருவர். வயிற்றில் நீர் கோத்தல் முதலியவற்றால் ஈரல் தளர்ந்தவர்க்கு ரிபாவைரின் என்பதைக் கூட்டியோ, காலத்தை இருபத்துநான்கு வாரமாக நீட்டியோ மருத்துவர் முறை வகுப்பர். முறையாக உண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரளவில் குணம் பெறுகின்றனர். தலைவலி, அயர்வு, குமட்டல் ஆகியவை சிலர்க்குத் தோன்றும். பெரும்பாலும் அவை தாங்கத்தக்கனவே.

இரண்டாவது, மருத்துவர். அவர் முதலிற் செய்விக்கும் சோதனை, ‘கிருமி என்றேனும் உடலிற் புகுந்ததா?’ என்பதையே காட்டும். ‘இன்று இரத்தத்தில் உளதா?’ என்பதைக் காட்ட வேறொரு சோதனை உண்டு. அவ்விரண்டும் முடிந்தன்றி மருந்து தொடங்கார். அன்றியும், பி வகைக் கிருமியும் உடன் உளதா எனப் பார்த்தல் இன்றியமையாதது. என்னை? சி வகை ஒழியுங்கால், அடங்கிக் கிடந்த பி வகை தலையெடுத்து ஈரலைக் கடுமையாகத் தாக்குதலும் உண்டு.

மூன்றாவது, நோயாளி. இவரிடமே பெரும்பொறுப்பு உள்ளது. தாம் உண்ணும் மருந்து ஒவ்வொன்றையும், கடைச்சரக்காயினும் நாட்டு மருந்தாயினும், மருத்துவரிடம் மறையாது கூறல் வேண்டும். காசநோய்க்குரிய ரிபாம்பிசின், வலிப்புக்குரிய பெனிட்டாயின், கார்பமாசெபைன் ஆகியவை இம்மருந்தின் ஆற்றலைக் கெடுப்பன. இதயத்துடிப்பைச் சீர்ப்படுத்தும் அமியோடரோன் இதனொடு சேரின் துடிப்பு அஞ்சத்தக்க அளவு தாழும். நீரிழிவுடையார்க்குக் கிருமி ஒழிய ஒழியச் சர்க்கரை திடீரெனக் குறைதல் கூடும். ஆதலின் அடிக்கடி அளந்து பார்க்க. இரத்தம் உறையாதிருக்க வார்பரின் உண்பவரும் சோதித்துக்கொள்ளல் வேண்டும். கருவுற்ற மகளிர் மகப்பேற்றின்பின் இம்மருந்தைத் தொடங்குதல் வழக்கம். ரிபாவைரின் கருவைச் சிதைக்கவல்லது. அதனை உண்பவர் ஆணாயினும் பெண்ணாயினும், உண்ணும் காலத்தும் நிறுத்திய பின் பல திங்களும் கரு உண்டாகாமற் காத்தல் கடன்.

என் தமையனார் இங்கே இருமுறை வழுக்கினார். வயிற்றெரிச்சலுக்கென மருந்துக் கடையில் தாமே ‘கேஸ் மாத்திரை’ வாங்கி நாள்தோறும் உண்டுவந்தார். வெல்படாஸ்விர் உடலிற் சேர்வதற்கு வயிற்றிலுள்ள அமிலம் வேண்டும். அதனைத் தணிக்கும் மருந்து இதன் பயனைக் குறைத்துவிடும். மருத்துவர் கேட்டறிந்து, அம்மாத்திரையை நிறுத்தினார். வேண்டுமாயின் நீர்மருந்து மட்டும் நான்கு மணிநேர இடைவெளியில் உண்ணலாமெனப் பணித்தார். மற்றொன்று: ஐந்தாம் வாரத்தில் உடல் தெளிந்ததாகத் தோன்றவே, உறவினர் திருமணத்திற்குச் சென்றவர் நான்கு நாள் மாத்திரையை மறந்தார், மறந்ததையும் மறைத்தார். அதனை அறிந்த மருத்துவர் சினந்திலர். அவர் என் தமையனார் தொழிலைக் கேட்டு, ‘நாள் நிரம்புமுன் தோலைக் குழியிலிருந்து எடுத்தால் என்னாகும்?’ என்று மட்டும் வினவினார். ‘மேலே பதமாயிருக்கும், உள்ளே பச்சையாயிருக்கும், பிறகு அழுகும்’ என்றார் தமையனார். அதன்பின் ஒருநாளும் தவறினாரல்லர்.

ஒரு வேளை மறந்தால், அன்றே நினைவு வரின் உடனே உண்க. மறுநாள் வந்துவிடின் அந்நாளுக்குரிய ஒன்றையே உண்க; இரண்டையும் சேர்த்து உண்ணற்க. நாட்கள் பல தவறின் மருத்துவரிடம் கூறுக. உணவுக்கு முன்னோ பின்னோ என்னும் கட்டுப்பாடு பொதுவாக இல்லை. ஒரே நேரம் என்பதே தலையாயது. மதுவை அறவே விலக்குக. கீழாநெல்லியைப்பற்றிச் சிலர் கேட்பீர்கள். 1988-ஆம் ஆண்டில் சென்னை ஆராய்ச்சியாளர் பி வகைக்கு அது பயன்படும் என வெளியிட்டனர். பிற இடங்களில் நிகழ்ந்த சோதனைகள் அதனை உறுதிசெய்தில. சி வகையை ஒழிக்க அதனை நம்பிக் காலம் போக்கலாகாது.

நான்காவது, உடனிருப்பார். என் அண்ணியார் நாட்காட்டியில் 84 கட்டங்கள் வரைந்து, ஒவ்வோரிரவும் மாத்திரை உண்டபின் ஒன்றை அடித்தார். மருந்து முடிந்த பின் பன்னிரண்டு வாரம் கழித்துக் கிருமிச் சோதனை செய்தல் வேண்டும். அதில் இல்லையென வந்தாலே குணம். என் தமையனார்க்கு இல்லையென வந்தது. முதற்சோதனையின் அடையாளம் மட்டும் வாழ்நாள் முழுதும் நிற்கும். அதுகண்டு அஞ்ச வேண்டா. கிருமி ஒழிந்தும் மீண்டும் தொற்றுதல் கூடுமாதலின் சவரக்கத்தி, ஊசி ஆகியவற்றில் எச்சரிக்கை வேண்டும். எட்டுத் திங்கள் வீணாக்கியதனால் எவ்வளவு தழும்பு கூடிற்றோ அறியோம். முன்பே ஏறிய தழும்பும் உண்டு. ஆறு திங்களுக்கொருமுறை அவர் ஈரலைப் படம்பிடித்துப் பார்த்துவருகின்றார்.

மகளின் மணம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். யானே மணமகன் வீட்டார்பாற் சென்று உண்மையைக் கூறினேன். அவர்கள் ஒரு நாள் பொறுத்து, தாமே மருத்துவரை வினவி, மறுவாரம் தாம்பூலம் மாற்ற வந்தனர். மணவறையில் என் தமையனார் தாரை வார்த்துக் கொடுத்தார். மணவிருந்தில், தனித்தட்டின்றி எல்லாரோடும் பந்தியில் அமர்ந்தார்.

அன்பர்களே! நம் சங்கத்தார் ஒன்று செய்யலாம். முற்காலத்தில் இரத்தம் ஏற்றிக்கொண்டவரும், ஊசி பல போட்டுக்கொண்டவரும், சிறுநீரகத்திற்காக இரத்தம் சுத்திகரித்துக்கொள்பவரும் ஒருமுறை சோதித்துக்கொள்ள ஊக்குதல் வேண்டும். மருந்துண்பவர் தனியராயின், நாட்காட்டியில் கட்டம் அடிக்க ஒருவரை அனுப்புதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, நோயைக் காரணங்காட்டிப் பெண் கொடுக்கவும் கொள்ளவும் மறுப்பதில்லை என நாம் உறுதி கொண்டால், எவரும் சோதனைத் தாளைப் பெட்டியின் அடியில் ஒளிக்கமாட்டார்.